ஈயச் சிப்பாய்க்கு வர்ணம் பூசுவது யார்?

மேற்கு நாடுகளிலே, சிறப்பாக இங்கிலாந்திலே, வளர்ந்தவர் பலர் தம் ஓய்வுப் பொழுதைச் சிறு சேனைகளை உருவாக்குவதிலே செலவிடுகின்றனர். கட்டைவிரலின் மேற்கணு அளவே உயரமுள்ள சிப்பாய்களைக் கொண்ட சேனைகள் அவை. அச்சிப்பாய்கள் பெரும்பாலும் முழு உருவமாகக் கடையிலே கிடைப்பதில்லை. கை வேறு, தலை வேறு, துப்பாக்கி வேறு எனத் துண்டு துண்டாக, ஒரு பிளாஸ்ரிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு பெட்டிக்குள் வருகின்றன. வாங்கியவர் ஒவ்வொரு துண்டையும் குறட்டால் வெட்டி எடுக்கிறார், வார்ப்பச்சின் இரு பாதிகளும் சந்தித்த இடத்திலே விழுந்த தழும்பைக் கத்தியாற் சுரண்டுகிறார், பசையிட்டுப் பொருத்துகிறார், அடிப்பூச்சுப் பூசுகிறார். பின்னர் மெல்லிய தூரிகை கொண்டு சட்டைக்கு ஒரு நிறம், வாருக்கு ஒரு நிறம், முகத்துக்கு ஒரு நிறம் எனத் தீட்டுகிறார். நீர்த்த கருவர்ணம் மடிப்புகளிலே இறங்கி நிழலாகிறது. மேடான இடங்களிலே வெண்கீற்று ஒளியாகிறது. காலடியிலே மணலை ஒட்டி நிலமாக்குகிறார். இவ்வாறு ஐம்பது, அறுபது, நூறு உருவங்கள் நிறைந்தபின், நண்பர் ஒருவர் தம் சேனையுடன் வந்து சேருகிறார். மேசைமீது அளவுநாடாவும் பகடையும் கொண்டு போர் நடக்கிறது.

இதனை ஒரு பொருளாக எடுத்து இங்கே எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆயினும் ஒரு சமுதாயத்தை அதன் தொழிற்சாலையிலே மட்டுமன்றி, அது தொழில் முடிந்து வீடு திரும்பியபின் என்ன செய்கிறது என்பதிலும் வைத்தே அறிய வேண்டும். அவ்வாறு அறியப் புகுந்தவர்கள் இரண்டு தீர்ப்புகளைக் கூறுகின்றனர். “இது பூர்ஷ்வாக்களின் பொழுதுபோக்கு, போர்வெறியைப் பாலூட்டி வளர்க்கும் பொம்மை விளையாட்டு, இதைப்பற்றிப் பேசுவதே வீண்” என்கின்றனர் ஒரு சாரார். “இயந்திர யுகத்திலே மனிதன் தன் கையால் ஒன்றைச் செய்து மகிழ்கிறான், இதுவே சுதந்திரமான உழைப்பு, இதைப் போற்றுவோம்” என்கின்றனர் மறு சாரார். இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. இரு சாராரும் சிப்பாயைப் பார்க்கின்றனர். தூரிகை பிடித்த கையைப் பார்க்கவில்லை. அந்தக் கை யாருடையது, எந்த நிபந்தனையின் கீழ் அது அசைகிறது என்பதே நம் கேள்வி.

முதலாவது தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். அதிலே உண்மை இல்லாமலில்லை. இந்த விளையாட்டின் மூதாதை பிரஷ்ய இராணுவத்தின் மேசையிலே பிறந்தது. 1824ஆம் ஆண்டில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் பீரங்கிப்படை அதிகாரி, நிலப்படத்தின் மீது சிறு கட்டைகளைப் படைப்பிரிவுகளாக நகர்த்திப் பகடையாற் சேதத்தைக் கணக்கிடும் முறையொன்றைச் செம்மைப்படுத்தினார். சேனாதிபதிகளுக்கு அது பிடித்துப்போயிற்று. படைப்பிரிவுகளிலே பயிற்சியாகப் புகுந்தது. 1870–71இல் பிரான்சைப் பிரஷ்யா வென்றபின் ஏனைய ஐரோப்பிய இராணுவங்களும் அதனைப் பின்பற்றின. ஆகவே, மேசைப் போர் வெறும் குழந்தை விளையாட்டாக வளர்ந்து பின்னர் கெட்டுப்போனதன்று. அதன் ஒரு கால் தொடக்கத்திலிருந்தே பாசறையிலே ஊன்றியிருந்தது.

மற்றொரு கால் பேரரசின் பிள்ளைகள் விளையாடும் அறையிலே ஊன்றியிருந்தது. 1893இல் இலண்டனைச் சேர்ந்த பிரிட்டன் குடும்பத்தார், உள்ளே வெற்றிடமாக ஈயச் சிப்பாயை வார்க்கும் முறையைக் கண்டனர். ஈயம் குறைந்தது, எடை குறைந்தது, விலையும் குறைந்தது. அதுவரை ஜேர்மன் பொம்மைகள் ஆட்சி செய்த சந்தையை ஆங்கிலச் சிப்பாய்கள் கைப்பற்றினர். அந்தப் பெட்டிகளுக்குள் யார் இருந்தனர்? செஞ்சட்டைக் காவற்படையினர் இருந்தனர். வங்காளக் குதிரைப்படையினர் இருந்தனர். அவர்கள் சுட்டு வீழ்த்துவதற்கென்று ஈட்டி ஏந்திய சூலு வீரர்களும் இருந்தனர். ஆபிரிக்க மக்கள் தம் மண்ணுக்காகச் சிந்திய இரத்தம், ஆங்கிலப் பிள்ளைகளின் தரைவிரிப்பிலே சிவப்பு வர்ணமாயிற்று. இந்த வரலாற்றை மறந்து “விளையாட்டுத்தானே” என்று எவரும் கூறுவரேல், அவர் வரலாற்றிலும் விளையாடுகிறவர்.

“மேசையிலே போரை நடத்திவிட்டால் மண்ணிலே நடத்தத் தேவையிராது” என்று வாதிடுவோரும் உளர். இவ்வாதத்தை மிக அழகாக முன்வைத்தவர் எச். ஜி. வெல்ஸ். ஒரு காலத்திலே பேபியன் சங்கத்திலே இருந்தவர், சோஷலிசம் பேசியவர். பொம்மைச் சிப்பாய்களையும், தீக்குச்சி அளவான மரத்துண்டை எய்யும் சுருள்வில் பீரங்கியையும் கொண்டு விளையாடுவதற்கான விதிகளை வகுத்து, 1913இல் ‘லிட்டில் வோர்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். உண்மைப் போர் மனிதனின் அளவுக்கு மீறிய மூடத்தனம், அதன் ஆசை உள்ளவர்களுக்குப் பொம்மைப் போரே போதும் என்பது அந்நூலின் முடிவுரை. நல்லெண்ணத்திலே நமக்கு ஐயமில்லை. ஆனால் அடுத்த ஆண்டே, 1914இலே, ஐரோப்பா எரிந்தது. அதனினும் கசப்பான உண்மை, வெல்ஸ் தாமே அப்போரை எல்லாப் போருக்கும் முடிவு கட்டும் போர் என்று ஆதரித்து எழுதினார்; 1918இலே அரசின் பிரசாரப் பிரிவிலே பணியும் ஆற்றினார். பொம்மைப் போர், அதற்கு விதி எழுதியவரையே தடுக்கவில்லை. போர்கள் மனிதரின் விளையாட்டாசையிலே பிறப்பதில்லை. சந்தையிலும் நிலத்திலும் அதிகாரத்திலும் பிறக்கின்றன. ஆகவே பொம்மைச் சிப்பாய் போரை உண்டாக்குவதுமில்லை, ஒழிப்பதுமில்லை. 2009 வரை போரின் வாயிலே கிடந்த ஒரு நாட்டின் வாசகருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரும் முதலாவது தீர்ப்பு குறைபாடுடையது என்றே கூறுகிறோம். ஏனெனில் அது விளையாட்டைப் பற்றிய தீர்ப்பு. இங்கோ விளையாட்டைக் காட்டிலும் உழைப்பே பெரிது. ஓர் உருவத்தை வெட்டி, ஒட்டி, வர்ணம் பூசி முடிக்க இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அறுபது சிப்பாய்களுக்கு நூற்றிருபது மணி நேரம். நாளொன்றுக்கு ஒரு மணி வீதம் உழைத்தால் நான்கு மாதம். அதன்பின் மேசையிலே நடக்கும் போர் ஒரு பிற்பகலுக்குள் முடிந்துவிடும். சேனையைப் பூசி முடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, ஒரு நாளும் போருக்குக் கொண்டு செல்லாதவர்களும் உளர். போர்வெறிதான் இவர்களை இயக்குகிறது என்றால், இந்த நான்கு மாதப் பொறுமைக்கு என்ன விளக்கம்? போர்வெறியனுக்கு மணல் ஒட்டிக்கொண்டிருக்க நேரம் ஏது?

விளக்கம் வேறிடத்தில் இருக்கிறது. 1844ஆம் ஆண்டின் கையெழுத்துப் பிரதிகளிலே மார்க்ஸ், கூலி உழைப்பிலே தொழிலாளி தான் செய்த பொருளிலிருந்தும், செய்யும் செயலிலிருந்தும், தன் மனிதத் தன்மையிலிருந்தும், சக மனிதனிலிருந்தும் அந்நியப்படுகிறான் என்பதைக் காட்டினார். நாற்பது ஆண்டுகளின் பின், 1884இலே, வில்லியம் மொரிஸ் பயனுள்ள உழைப்பையும் பயனற்ற பாடுபடலையும் பிரித்துக் காட்டி, உழைப்பிலே இன்பம் காணும் உரிமை மனிதனுக்கு உண்டென்று வாதாடினார். இன்று ஒரு களஞ்சியசாலையிலே பெட்டிகளை நகர்த்துபவனையும், தொலைபேசியிலே நாள் முழுவதும் எவருடையவோ முறைப்பாட்டைக் கேட்பவளையும், முடிவில்லாத அட்டவணைகளை நிரப்பும் எழுதுவினைஞரையும் எண்ணிப் பாருங்கள். அவர்கள் தொடங்கியதை அவர்களே முடிப்பதில்லை. முடிந்ததை அவர்கள் காண்பதில்லை. ஆசிரியரான நாம் மட்டும் விதிவிலக்கா? நிரப்ப வேண்டிய படிவங்களின் தொகை, கற்பித்த பாடங்களின் தொகையை மிஞ்சும் நாட்கள் நமக்கும் உண்டு.

அப்படிப்பட்ட ஒருவர் இரவு எட்டு மணிக்கு விளக்கின் கீழ் அமர்ந்து, இரண்டு அங்குலத்துக்கும் குறைந்த உருவமொன்றைக் கையிலெடுக்கிறார். எந்த நிறம் என்பதைத் தாமே தீர்மானிக்கிறார். எவ்வளவு நேரம் என்பதைத் தாமே தீர்மானிக்கிறார். கெட்டுப்போனால் கழுவிவிட்டுத் திரும்பப் பூசுகிறார்; எவரும் கூலியை வெட்டுவதில்லை. முடிவிலே ஒரு முழுப் பொருள் அவர் முன் நிற்கிறது. “இதை நான் செய்தேன்” என்று அவர் கூறலாம். பகலிலே செய்த எதனைக் காட்டியும் அவரால் அப்படிக் கூற முடியாது. இது பசி. கையின் பசி. முழுமையான உழைப்புக்காக மனிதன் கொள்ளும் பசி. இதனைப் பூர்ஷ்வா மனோபாவம் என்று எள்ளி நகையாடும் நண்பர், பசித்தவன் தகாத இடத்திலே உணவு தேடினான் என்பதற்காகப் பசியையே பழிக்கிறார்.

இந்த இடத்திலே இரண்டாவது சாரார் மகிழ்ந்து எழுவர். “பார்த்தீர்களா, நாம் சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள்? இதுதான் சுதந்திரமான உழைப்பு!” அவசரப்பட வேண்டாம் என்கிறோம். இதே உருவத்துக்கு, இதே தூரிகையால், இதே போன்ற வீட்டு மேசையிலே வர்ணம் பூசிய வேறு கைகளும் உண்டு. அவற்றையும் எண்ணிய பின்னரே தீர்ப்புக் கூற வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பொம்மைத் தொழிலின் தலைநகரம் ஜேர்மனி. நூரெம்பேர்க்கிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தகரமும் ஈயமும் கலந்த தட்டைச் சிப்பாய்கள் வார்க்கப்பட்டன. தூரிங்கியாவின் சொன்னபேர்க் பொம்மைகளால் உலகச் சந்தையை நிரப்பிற்று. வார்ப்பு பட்டறையிலே நடந்தது. வர்ணம் பூசுவதோ பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பப்பட்டது. தாய் பூசினாள், பிள்ளைகளும் உடனிருந்து பூசினர். ஒருவர் சட்டைக்கு, ஒருவர் முகத்துக்கு. எண்ணிக்கைக்கே கூலி. அடுப்பெரியும் அதே அறையிலே வேலை, உணவு, உறக்கம் எல்லாம். தொழிற்சாலைச் சட்டம் அந்த அறைக்குள் எளிதில் எட்டிப் பார்ப்பதில்லை. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்திலே, மார்க்ஸ் இங்கிலாந்தின் சரிகைப் பின்னல், வைக்கோற் பின்னல் முதலிய வீட்டுத் தொழில்களைக் காட்டி, வீடு என்பது தொழிற்சாலையின் வெளிப்பகுதியாக மாறிவிட்டதை அம்பலப்படுத்தினார். தகரச் சிப்பாய்க்கு வர்ணம் பூசிய ஜேர்மன் குழந்தையும் அந்த வெளிப்பகுதியின் தொழிலாளியே. அக்குழந்தை பூசிய சிப்பாயைக் கொண்டு வேறொரு குழந்தை விளையாடிற்று.

அந்தக் கை பின்னர் எங்கே போயிற்று? கூலி மலிந்த இடத்தைத் தேடிப் போயிற்று. 1960களிலே ஆங்கிலப் பிளாஸ்ரிக் சிப்பாய்களின் உற்பத்தியிலே ஒரு பகுதி ஹொங்கொங்குக்குச் சென்றது. 2000ஆம் ஆண்டிலே அமெரிக்கக் கம்பனியொன்று, ஏற்கெனவே வர்ணம் பூசிய உருவங்களைக் கொண்ட மேசைப்போர் விளையாட்டைச் சந்தைக்கு விட்டது. அவற்றிற்கு வர்ணம் பூசிய கைகள் சீனத் தொழிற்சாலைகளிலே இருந்தன.

அந்தக் கை நம் நாட்டிலும் இருக்கிறது. மேற்குலகிலே போர் விளையாட்டாடுவோர் சிலருக்குச் சேனை வேண்டும், பூசும் பொறுமை இல்லை, அல்லது நேரமில்லை. அவர்கள் உருவங்களைப் பொதி செய்து அனுப்ப, தலைக்கு இவ்வளவு என்று விலை பேசிப் பூசிக்கொடுக்கும் நிலையங்கள் இலங்கையிலே பல்லாண்டுகளாக இயங்கி வந்துள்ளன. சாதாரணப் பூச்சுக்கு ஒரு விலை, நுண்ணிய பூச்சுக்கு வேறு விலை. இவ்வேலை கடல் கடந்து இங்கு வருவது ஏன்? இங்கே கைத்திறன் உண்டு என்பர். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கைத்திறன் இங்கிலாந்திலும் உண்டு. அங்கே அதன் விலை அதிகம் என்பதே வேறுபாடு.

இப்படிப் பூசப்படும் சேனைகளிலே நெப்போலியன் காலத்துச் சேனைகளுக்குத் தனி மதிப்பு. 1815 யூனில் நடந்த வாட்டலூப் போரை மேசையிலே மீண்டும் மீண்டும் நடத்துவதிலே ஆங்கிலேயருக்குத் தீராத ஆசை. அதே 1815ஆம் ஆண்டின் மார்ச் மாதத்திலேதான் கண்டி இராச்சியம் பிரித்தானியரின் கைக்குப் போயிற்று. அந்த ஆண்டின் செஞ்சட்டைச் சிப்பாய்க்கு, இருநூறு ஆண்டுகளின் பின், இலங்கைத் தொழிலாளியின் கை சிவப்பு வர்ணம் பூசுகிறது. அன்று அச்சட்டையைக் கண்டு அஞ்சிய நாடு, இன்று அச்சட்டைக்கு எத்தனை பொத்தான் என்று பூதக்கண்ணாடியில் எண்ணிக் கூலி வாங்குகிறது. வரலாறு இதைவிடக் கூர்மையாகக் கேலி செய்ய முடியாது.

இப்பொழுது மூன்று கைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நூரெம்பேர்க் குழந்தையின் கை. நொட்டிங்ஹாம் எழுதுவினைஞரின் கை. இலங்கை வர்ணக்காரரின் கை. தூரிகை ஒன்றே. உருவம் ஒன்றே. குனிந்த முதுகும் ஒன்றே. குழந்தைக்கு அது சிறைவாசம். எழுதுவினைஞருக்கு விடுதலை, அதற்காக அவர் பணமும் கொடுக்கிறார். வர்ணக்காரருக்கு வயிற்றுப்பாடு. ஆகவே, “கையால் செய்வதே இன்பம்” என்பது பொய். கைவேலை தன்னளவிலே இன்பமுமன்று, துன்பமுமன்று. நிறத்தைத் தீர்மானிப்பவர் யார், நேரத்தைத் தீர்மானிப்பவர் யார், முடிந்த பொருள் யாரிடம் நிற்கிறது, அதன்கீழ் யார் பெயர் எழுதப்படுகிறது என்பவையே அதனை இன்பமாகவோ துன்பமாகவோ ஆக்குகின்றன. தூரிகையைப் போற்றிப் பாடுவோர் இந்த நான்கு கேள்விகளையும் கேட்காமல் பாடுகின்றனர்.

அந்த எழுதுவினைஞராவது முழுச் சுதந்திரம் உடையவரா? அதனையும் பார்ப்போம். 1975இல் இலண்டனிலே நண்பர்கள் மூவர் தொடங்கிய ‘கேம்ஸ் வேர்க்‌ஷொப்’ என்ற சிறு முயற்சி, 1979இல் உலோக உருவங்களை வார்க்கும் ‘சிற்றடெல்’ நிறுவனத்துக்குத் துணை நின்றது. 1983இல் ‘வோர்ஹாமர்’ என்ற மேசைப்போர் விளையாட்டையும், 1987இல் எதிர்காலப் பேரரசொன்றைப் பற்றிய ‘வோர்ஹாமர் 40,000’ விளையாட்டையும் வெளியிட்டது. நொட்டிங்ஹாமிலே ஆலை அமைத்து உலகெங்கும் விற்கும் அக்கம்பனி, 2024 டிசம்பரில் இலண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு கம்பனிகளின் பட்டியலிலே இடம்பெற்றது. அதன் ஆண்டு வருமானம் ஐம்பது கோடிப் பவுணைத் தாண்டிவிட்டது.

இந்தச் செல்வத்தின் இரகசியம் என்ன? ஏனைய உற்பத்தியாளர் பொருளை முடித்து விற்கின்றனர். இங்கோ பொருள் முடியாமலே விற்கப்படுகிறது. பொருத்துதல், வர்ணம் பூசுதல் ஆகிய இரண்டு வேலைகளும், ஒரு காலத்திலே வீட்டுத் தொழிலாளிக்குக் கூலி கொடுத்துச் செய்வித்தவை, இன்று வாங்குபவரிடமே விடப்பட்டுள்ளன. அவர் கூலி கேட்பதில்லை. மாறாக வர்ணத்தையும் தூரிகையையும் பசையையும் அதே கடையிலே தனித்தனியே விலை கொடுத்து வாங்குகிறார். இதனைக் கம்பனியின் வஞ்சகம் என்று மட்டும் கூறினால் அது சிறுபிள்ளைத்தனம். அவர் விரும்பியே வாங்குகிறார். ஏன் விரும்புகிறார் என்பதை மேலே கண்டோம். பகலிலே அவரிடமிருந்து பறிக்கப்பட்ட முழுமையான உழைப்பை, இரவிலே பெட்டியில் அடைத்து அவருக்கே திருப்பி விற்கிறது முதலாளித்துவம். பறித்ததிலும் இலாபம்; திருப்பிக் கொடுப்பதிலும் இலாபம்.

திருப்பிக் கொடுத்ததையும் முழுமையாகக் கொடுப்பதில்லை. ‘வோர்ஹாமர் 40,000’ விளையாட்டின் விதிகள் 2014, 2017, 2020, 2023 ஆகிய ஆண்டுகளிலே புதிய பதிப்புகளாயின. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய நூல் வேண்டும். 2015இலே பழைய ‘வோர்ஹாமர்’ உலகத்தையே கதைக்குள் அழித்துவிட்டு, வேறொரு விளையாட்டை அதனிடத்தில் வைத்தனர். சதுர அடித்தளத்திலே நின்ற சிப்பாய்களுக்குப் பதிலாக வட்ட அடித்தளத்திலே நிற்கும் சிப்பாய்கள் வந்தனர். பல்லாண்டு உழைத்துச் சேனையை உருவாக்கியவர்கள், தம் சேனைக்கு நாடே இல்லாமற் போனதைக் கண்டனர். 2024இலே அதே பழைய உலகம், அதே சதுர அடித்தளத்துடன், மீண்டும் விற்பனைக்கு வந்தது. சிப்பாய் அவருடையது, சிப்பாய் நிற்கும் நிலம் கம்பனியுடையது. குத்தகைக்காரனின் நிலையை அறிந்த நம் வாசகருக்கு இவ்வுறவு புதிதன்று.

நிலத்தோடு நிற்கவில்லை, சொல்லையும் வளைத்தனர். விண்வெளியிலே போரிடும் கடற்படைவீரரைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்றொடர் 1930களிலிருந்தே அமெரிக்க விஞ்ஞானக் கதைச் சஞ்சிகைகளிலே வழங்கி வந்தது. அது தமது வர்த்தகச் சின்னம் என்று கம்பனி முறையிட்டதனால், அச்சொற்றொடரைத் தலைப்பிலே கொண்டிருந்த பெண் எழுத்தாளர் ஒருவரின் நாவல் 2012இன் இறுதியிலே அமேசன் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. எழுத்தாளரும் வாசகரும் எழுப்பிய கண்டனத்தின் பின் 2013 பெப்ரவரியிலே அது மீண்டும் விற்பனைக்கு வந்தது. பொதுச் சொத்தான மொழியிலும் வேலி கட்ட முனைவோர், பொதுச் சொத்தான கற்பனையை விட்டுவைப்பர் என்று நம்புவதற்கில்லை.

வேலிக்குள் விளையும் கற்பனை எத்தகையது என்பதையும் கவனிக்க வேண்டும். அந்த எதிர்காலப் பேரரசு அந்நியரை வெறுக்கிறது, கேள்வி கேட்போரை எரிக்கிறது, ஓர் அழுகிய சக்கரவர்த்தியைக் கடவுளாக்கி வணங்குகிறது. இது கேலிச் சித்திரம் என்கின்றனர். தொடக்கத்திலே அப்படியே இருந்தது. ஆனால் கேலியை நாற்பது ஆண்டுகள் வீரமாக விற்றால், வாங்குவோருட் சிலர் அதை வீரமென்றே கொள்வர். 2021இலே ஸ்பெயினில் நடந்த போட்டியொன்றுக்கு நாற்சிச் சின்னங்கள் அணிந்து ஒருவர் வந்து விளையாடினார். அவ்வாண்டு நவம்பரிலே, பேரரசு கேலியே என்றும் வெறுப்பாளருக்குத் தம்மிடையே இடமில்லை என்றும் கம்பனி அறிக்கை விடவேண்டியதாயிற்று. அறிக்கை நல்லதே. ஆயினும் கேலி என்று அறிக்கை விட்டு விளக்க வேண்டிய நிலைக்கு வந்த கேலி, தன் கூர்மையை இழந்துவிட்ட கேலி.

நம்மை மறுக்க விரும்புவோர் ஒரு வலிய கேள்வியை எழுப்பலாம்: “இலங்கை வர்ணக்காரரின் வேலையைப் பழிக்கிறீர்களே, அந்த வேலையும் இல்லாவிடின் அவருக்கு உணவளிப்பது நீங்களா?” அவரது வேலையை நாம் பழிக்கவில்லை. இரண்டு விரலளவு உடலிலே நிழலும் ஒளியும் தோன்றச் செய்யும் திறன் எந்த ஓவியனுக்கும் தலைகுனிய வேண்டியதன்று. நாம் பழிப்பது அத்திறனுக்குப் பெயரில்லாதிருப்பதை. 1987இலே இங்கிலாந்தில் தொடங்கிய ‘கோல்டன் டீமன்’ என்ற வர்ணப் போட்டியிலே, பூசியவரே தம் பெயரால் உருவத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். வென்றவருக்குப் பரிசும் புகழும் உண்டு. அங்கே பூசியவர் கலைஞர். பொதியிலே அனுப்பப்பட்டு பூசித் திரும்பிய சேனையோ, மேசைக்கு வந்ததும் “என் சேனை” ஆகிவிடுகிறது. அங்கே பூசியவர் செலவுக் கணக்கிலே ஒரு வரி. தூரிகையின் திறன் இரண்டிடத்தும் ஒன்றே, வகுப்பு வேறு.

ஆகவே நாம் கேட்பவை எளியவை. வர்ணம் பூசும் நிலையங்களிலே உழைப்போர் தலைக்கணக்குக் கூலியின் தயவிலே விடப்படாது, ஏனைய தொழிலாளருக்குள்ள ஊதியமும், ஓய்வும், சேமலாபமும், கண்ணுக்கும் மூச்சுக்கும் வேண்டிய பாதுகாப்பும், சங்கம் அமைக்கும் உரிமையும் பெறவேண்டும். அவர்கள் பூசிய சேனை கடல் கடந்து போகும்போது அவர்களது பெயரும் உடன்போக வேண்டும். பெயரை எழுத ஒரு சிறு துண்டுக் காகிதம் போதும். அதற்கு எந்தக் கம்பனியும் நட்டப்பட்டுவிடாது.

இங்கிலாந்தின் எழுதுவினைஞருக்கும் நாம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. தூரிகையைக் கீழே வையுங்கள் என்று சொல்லவில்லை. தம் சிப்பாயைத் தாமே செதுக்கி, தம் விதிகளைத் தாமே எழுதி, நண்பரிடையே பகிர்ந்துகொண்ட மரபு இதே விளையாட்டுக்கு உண்டு. 1959இலே ஏர்பிக்ஸ் கம்பனி மலிவான பிளாஸ்ரிக் சிப்பாய்களை வெளியிட்டபோது, பாடசாலை மாணவரும் சேனை அமைத்தனர். 1962இலே டொனால்ட் பெதர்ஸ்ரன் எழுதிய ‘வோர் கேம்ஸ்’ நூலைப் படித்தவர்கள், விதிகளைத் தம் வசதிக்கேற்ப மாற்றி எழுதிக்கொண்டனர். எந்தக் கம்பனியின் சிப்பாய் என்று எவரும் கேட்கவில்லை. அந்த மரபை மீட்டெடுக்கட்டும். அதைவிட முக்கியமாக, இரவிலே ஒரு மணி நேரம் தமக்குக் கிடைக்கும் முழுமையான உழைப்பு, பகலின் எட்டு மணி நேரத்திலும் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கட்டும். அக்கேள்வியைக் கேட்காதவரை, அவர் பூசும் வர்ணம் ஒரு காயத்தின் மீது பூசும் வர்ணமே.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவருக்கும் இறுதியாக ஒரு சொல். நம் பாடசாலைகளிலே பரீட்சையும் ரியூசனும் பிள்ளைகளின் கையைக் கட்டிப்போட்டுள்ளன. களிமண்ணையும் ஓலையையும் தொட்டறியாமலே பத்து வகுப்பு முடிக்கும் பிள்ளைகள் உளர். அவர்களும் நாளை ஒரு கணினித் திரையின் முன் எவருடையவோ அட்டவணையை நிரப்பிவிட்டு, இரவிலே கையின் பசிக்குக் கடை தேடுவர். அல்லது எவருடையவோ சேனைக்குத் தலைக்கணக்கிலே வர்ணம் பூசுவர். மூன்றாவது வழியொன்று வேண்டும். பிள்ளைகள் உருவம் செய்யட்டும். சிப்பாயை மட்டுமன்றி, வலை இழுப்பவரையும், கொழுந்து பறிப்பவரையும், நாற்று நடுபவரையும் செய்யட்டும். தாமே தொடங்கித் தாமே முடித்து, கீழே தம் பெயரை எழுதட்டும். தன் உழைப்பிலே தன் பெயரைக் கண்ட பிள்ளை, பின்னொரு நாளிலே பெயரில்லாமல் உழைக்கும்படி பணிக்கப்படும்போது காரணம் கேட்கும். அந்தக் கேள்வியை ஒன்றாகக் கேட்பதற்கு அதன் பக்கத்திலே வேறு கைகளும் இருக்கும்.